சிற்றுயிரைப் பார்க்கும் கண்

கொல்லாமை என்னும் முதற் சீலத்தைப் பற்றிப் பேசுங்கால் நாம் ஆட்டையும் கோழியையும் நினைக்கிறோம், எறும்பை நினைப்பதில்லை. எறும்பின் முகம் நமக்குத் தெரியாது. முகம் தெரியாத உயிரின் நோவு நோவாகத் தோன்றுவதில்லை. இக்காலத்தில் காமிரா அம்முகத்தைக் காட்டுகிறது. ஆகவே ஒரு பழைய வினா புது உருவில் நம்முன் நிற்கிறது: ஓர் உயிரின் அழகைக் காண்பதற்காக அவ்வுயிரை வருத்தலாமா?

சிக்கந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகள் பல இடிக்கப்பெற்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. எனினும் மாடித் தொட்டிகளிலும் மதிலோரத்து மாமரங்களிலும் சிற்றுயிர்கள் குறைந்தபாடில்லை. அவற்றை வீட்டிலிருந்தபடியே படமெடுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினாலும், லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே வெற்றுக் குழாய் ஒன்றைச் செருகினாலும் பூச்சியின் உருவம் பெரிதாக விழும். இடர் ஒன்றுண்டு. உருவம் பெருகப் பெருகத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். பூச்சி தன் உண்மையான அளவில் காமிராவினுள் விழும்போதே அவ்வாழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பற்பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் அடுக்கி ஒன்றாக்குவர். அதுவரை பூச்சி அசையலாகாது. தீமை நுழையும் வாயில் இதுவே. சிலர் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்கின்றனர். சிலர் கொன்று ஊசியில் நிறுத்துகின்றனர். படத்திலோ அது உயிரோடு உலவுவதுபோலத் தோன்றுகிறது. கொலையோடு பொய்யும் சேர்ந்துகொள்கிறது என்பது என் கருத்து.

அறிவின் பொருட்டுப் பூச்சியைக் கொன்றவர் இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். மாரெட்பள்ளிக்குச் சில கல் தொலைவிலுள்ள பேகம்பேட்டையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்ட் ராஸ் என்னும் படை மருத்துவர் அங்கே ஒரு கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கவிட்டு வளர்த்த கொசு அது. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. நுண்நோக்கியின் திருகுகள் வியர்வையால் துருவேறின. அறுத்த கொசு பறந்துவிடுமென்று பங்காவும் இழுக்கவில்லை. 1902இல் ராஸுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உசேன் கானின் பெயரை எத்தனை பேர் அறிவர்? அது நிற்க. ராஸ் கொன்றது காய்ச்சலை ஒழிக்கும் வழி தேடி. குளிர்பெட்டியில் பூச்சியை அடைப்பவர் தேடுவது பிறர் வாய்ப் புகழ்ச்சியை. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் நேர்மையாகாது.

தம்மபதத்தின் முதற் பாட்டுக்கு உரைகாரர் கூறும் சக்குபால தேரரின் கதையை நம்மவர் அறிவர். கண்ணிழந்த அத்தேரர் மழை பெய்த இரவின் கடையாமத்தில் நடைதியானம் செய்தார். ஈரமண்ணில் வெளிப்பட்டிருந்த இந்திரகோபப் பூச்சிகள் அவர் அடியில் நசுங்கி மாண்டன. காலையில் அதனைக் கண்ட பிக்குகள் சேதவனத்தில் பகவனிடம் முறையிட்டனர். அவர் கொன்றதை நீங்கள் காணாதவாறே அப்பூச்சிகளை அவரும் காணவில்லை; எண்ணம் இன்றேல் குற்றமும் இல்லை என்பது பகவன் அளித்த விடையின் சாரம்.

இந்திரகோபம் என்பது நம் சிற்றூர்களில் தம்பலப்பூச்சி எனப்படும் செந்நிறச் சிற்றுயிரே என்பர். தெலுங்கர் இதனை ஆருத்ர புருகு என்கின்றனர். ஆருத்திரைக் காலத்து மழையில் வெளிப்படுவதால் அப்பெயர். லென்ஸின் வழியே நோக்கினால் உடலெங்கும் பட்டுமயிர் அடர்ந்திருப்பதும், கால்கள் ஆறல்ல, எட்டு என்பதும் தெரியும். சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்தது அது. இவ்வளவும் கண்டவர், காணவில்லை என்ற தேரரின் விடையைத் தமக்குரியதாகச் சொல்லிக்கொள்ள முடியுமா? லென்ஸை வாங்கும் அன்றே அவ்விடையை நாம் இழந்துவிடுகிறோம்.

வருத்தாமல் எடுக்கும் வழி இல்லாமலில்லை. விடியற்காலைக் குளிரில் பல பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும். அப்போது சென்றால் போதும். மாவிலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளின் முன் பொறுமையாக அமர்ந்திருந்தால், அவை தம் புழுக்களை வாயில் கவ்வி, அவற்றிலிருந்து வரும் இழையால் இலையோரங்களைத் தைப்பதைக் காணலாம். அக்கூட்டத்திற்கு அருகே எறும்பு வேடமிட்ட சிலந்தி ஒன்றும் திரியக்கூடும். முன்னிரு கால்களை உயர்த்தி உணர்கொம்புபோல் ஆட்டும். விறைக்க வைத்த பூச்சி இவற்றுள் எதனைக் காட்டும்?

கடினமான பகுதி கொசு. கால்களில் வெள்ளை வளையமிட்ட ஏடிஸ் கொசு, படத்தில் பார்த்தால் நகைபோல் அழகியது. டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் அதுவே. குருதி குடிப்பது பெண் கொசு; முட்டைக்கு அக்குருதி வேண்டும். கூலர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கிய நீரில், முட்டை ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். புழு நெளியும் நீரைத் தரையில் கொட்டுவது கொலையன்று என நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் காய்ச்சலை எண்ணி அதனைச் செய்கிறோம், செய்யவும் வேண்டும். ஆனால் கொலையென்று அறிந்தே செய்வோம். அதற்கு வேறு பெயர் சூட்ட வேண்டா. பிக்குகளின் எண்பொருள்களுள் நீர்வடிகட்டியும் ஒன்று. பின்னர்க் கொல்ல நேராதபடி முன்னரே காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம் வீடுகளில் அவ்வேலையைச் செய்வது தொட்டியின் மூடி. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்து, தொட்டியை இறுக மூடிவிட்டால் அதில் நெளிய ஒரு புழுவும் தோன்றாது, கொட்டுவதற்கும் ஒன்றுமிராது.