நம் பிள்ளை படிக்காத பள்ளி

நம் பிள்ளை பயிலாத பள்ளிக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? வரி செலுத்துகிறோம், அரசு பள்ளியை நடத்துகிறது, அத்துடன் நம் பொறுப்பு முடிந்தது என்பர் சிலர். ஆழ்ந்து நோக்கின், கல்வியில் நிலவும் ஏற்றத்தாழ்வின் வேர் இவ்விடையில்தான் மறைந்து கிடக்கிறது.

திருத்தணிக்குப் பெருமை சேர்த்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888-ஆம் ஆண்டு எளிய குடும்பத்தில் பிறந்து, இவ்வூரிலேயே தொடக்கக் கல்வி பெற்று, உதவித்தொகையின் துணையால் உயர்கல்வி கற்று, குடியரசுத் தலைவராக உயர்ந்தார். இதைக் கொண்டு, அந்நாளைய பள்ளி எல்லார்க்கும் பொதுவாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. பெண்மக்களும் தாழ்த்தப்பட்டோரும் பெரும்பாலும் கல்விக்கு வெளியே நின்ற காலம் அது.

அந்தக் கதவு அகலத் திறந்தது காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில். 1956-இல் ஊர்மக்களின் நன்கொடையைக் கொண்டே பகலுணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு, 1958-இல் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் கூடிற்று. அப்போது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அவ்வியக்கத்தில் பலகை, நாற்காலி, நிலப்படம், கட்டடம் என ஊரார் பள்ளிக்கு வேண்டியவற்றை வழங்கினர். கொடுத்தவர்களில் பலருடைய பிள்ளைகளும் அப்பள்ளியிலேயே பயின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே கொடுத்த கை, கொடுத்தது என்னவாயிற்று என்று கேட்கவும் செய்தது.

பின்னர் காட்சி மாறிற்று. 1981-இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராக்கப்பட்டனர். ஆசிரியர் வாழ்வுக்குப் பாதுகாப்புத் தந்த நல்ல சீர்திருத்தம் அது. ஆனால் பள்ளியின் பொறுப்பு ஊரைவிட்டு அலுவலகங்களுக்குப் போயிற்று என்ற எண்ணமும் மக்களிடம் வேரூன்றியது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. எழுதவும் பேசவும் கேள்வி கேட்கவும் வல்ல குடும்பங்கள், நம் குடும்பங்கள் உட்பட, தம் பிள்ளைகளை அங்கே சேர்த்தன. இதைப் பழியாகக் கூறவில்லை. தன் பிள்ளைக்கு நல்லதை நாடுவது பெற்றோரின் இயல்பே. எனினும், வெளியேறியது பிள்ளை மட்டுமன்று. பிள்ளையோடு பெற்றோரின் குரலும் வெளியேறிற்று. சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்பின் 2011-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பாடநூல் ஒன்றாயிற்று, பள்ளி ஒன்றாகவில்லை.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் சிந்திக்கற்பாலன. 12-ஆம் பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறது. 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். முன்னது சில பிள்ளைகளுக்கு வெளியேறும் வழியைக் காட்டுகிறது. பின்னது, எஞ்சியவர்களின் கையில் பள்ளியை ஒப்படைக்கிறது.

எஞ்சியவர்கள் யார்? பொதட்டூர்பேட்டையின் விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் தாயை எண்ணிப் பாருங்கள். கூட்டம் வேலைநாளில் கூடுமாயின் அவருக்கு அன்றைய கூலியில் குறைவு விழும். வீட்டில் தெலுங்கு பேசுபவராயின், தமிழில் எழுதிய வரவு செலவுக் கணக்கைப் படிப்பதும் அரிது. தலைமையாசிரியர் காட்டிய இடத்தில் கையொப்பம் இட்டு எழுந்து செல்வதைத் தவிர அவர் என் செய்வார்? பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், மானியம் செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் சட்டம் அவருக்குத் தந்த அதிகாரம். ஆனால் அதிகாரத்தைத் தந்தவர்கள், அதைப் பயன்படுத்தும் ஓய்வையும் பயிற்சியையும் உடன் தரவில்லை. ஆசிரியர்க்குப் பயிற்சியின்றி வகுப்பை ஒப்படையோம். அத்தாய்க்கு மட்டும் பயிற்சி வேண்டாமா?

தமிழ்நாட்டில் 2022-இல் 20 உறுப்பினரோடு இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆக உயர்ந்து, முன்னாள் மாணவர்க்கும் இடம் தரப்பட்டது. அப்பள்ளியில் பிள்ளை பயிலாதவரும் உள்ளே வருவதற்கு இது ஒரு வாயில். அரசுப் பள்ளியில் கற்று உயர்ந்தோர் நம்மில் பலர் உளர். ஆசிரியப் பணி புரிந்தோரும் பலர். அவர்கள் இவ்வாயிலைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது அறமாகுமா?

‘நன்கொடை அளிக்கிறோமே’ என்பர் சிலர். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் அதற்கும் வழி செய்துள்ளது. கொடை போற்றத்தக்கதே. ஆயினும் மின்விசிறியின் இறக்கையில் ‘உபயம்’ என்று பெயர் பொறித்துவிட்டால், அவ்விசிறி நின்றுபோன நாளில் யார் கேட்பது? நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். அந்நாளில் பள்ளி என்ற சொல்லே அறவோர் உறைந்த இடத்தைக் குறித்தது. அங்கே சுவடி அளித்தல் மட்டுமன்று, அருகிருந்து கற்பித்தலும் தானமாயிற்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படித்தவர் குழுவினுள் நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாமே பேசத் தொடங்குவர். அத்தாய் முன்னினும் மௌனமாவார். அங்ஙனமாயின் நாம் போகாதிருத்தலே நன்று. பொருளுக்கு வரையறை செய்துகொள்ளும் விரதத்தை அறிந்த நாம், பேச்சுக்கும் செல்வாக்குக்கும் வரையறை செய்துகொள்ளல் ஆகாதா? கணக்கை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவோம். கூட்டத்தை அவர் வரக்கூடிய நேரத்தில் வைக்கும்படி வேண்டுவோம். அவர் கேட்கும் கேள்வியைத் தீர்மானமாக எழுத உதவுவோம். தீர்மானம் அவருடையதாகவே இருக்கட்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுவே. நம் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது நம் உரிமை. ஊர்ப் பிள்ளை பயிலும் பள்ளியில் கேட்பாரற்ற நிலை வாராமல் காப்பது நம் கடன். அவ்வுரிமையைப் பயன்படுத்தியதால் இக்கடன் தீர்ந்துவிடாது, மிகும்.