கையைக் கட்டு!

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் நான் செய்த காரியம் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நண்பரின் மகனுக்கு அப்போது 14 வயது. ஆட்டிசம் உள்ளவன். அதிகம் பேச மாட்டான். நாலு வயசிலிருந்தே எனக்குத் தெரிந்த பையன் என்பதால், அவனை எனக்கு 'புரியும்' என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகூர்த்த நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது, வீடியோக்காரரின் லைட் எங்கள் வரிசைப் பக்கம் திரும்புகிறது, நாலு பக்கமும் அட்சதைக்காக முண்டியடிக்கிறார்கள்.

பையன் எழுந்து நின்றான். ஈரக் கையை உதறுகிற மாதிரி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிப் படபடவென்று உதற ஆரம்பித்தான். கூடவே தொண்டைக்குள்ளிருந்து ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். முன் வரிசைக்காரர்கள் தாலி கட்டுவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

நான் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன். ''ஒண்ணுமில்லப்பா... உட்காரு, உட்காரு'' என்றேன். அன்பாகத்தான். என் பிடி இறுக இறுக ரீங்காரம் அலறல் ஆனது. கையை உருவிக்கொண்டு, தன் மணிக்கட்டைத் தானே கடித்தான். பல் பதிகிற அளவுக்கு.

அவன் அம்மா ஓடி வந்து, வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்கு அழைத்துப்போனார். குற்ற உணர்ச்சியோடு நானும் பின்னால் போனேன். வேப்ப மரத்தடியில் நின்று அவன் பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தான். யாரும் தடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் தானாகவே அடங்கியது. பிறகு, ''பாயசம்'' என்றான்.

அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். ''தப்பா நினைக்காதீங்கண்ணா. நீங்க கையைப் பிடிச்சது அவனுக்காகவா, மண்டபத்துக்காகவா?''

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இதற்கு 'ஸ்டிம்மிங்' என்று பெயர். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, சுற்றுவது, முணுமுணுப்பது, விரல்களைக் கண் முன்னால் அசைத்து அசைத்துப் பார்ப்பது... எல்லாம் இதில் அடக்கம். 1943-ல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை உலகத்துக்கு அறிமுகம் செய்தது. அதில் வரும் முதல் பையனே விரல்களைக் காற்றில் பின்னிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, ஒரே மூன்று ஸ்வர மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பவன்தான்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை எழுதிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. 2019-ல் 'ஆட்டிசம்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: வெளியிலிருந்து வரும் சத்தம், வெளிச்சம், நெரிசல் தாங்க முடியாமல் போகும்போது, அல்லது உள்ளே ஓர் எண்ணமோ உணர்ச்சியோ கொள்ளளவைத் தாண்டும்போது, இந்த அசைவு வருகிறது. அது ஒரு தாளத்தைத் தருகிறது. மற்ற எல்லாம் தறிகெட்டு ஓடும்போது, அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயமாக அந்தத் தாளம் இருக்கிறது. துக்கத்தில் மட்டும் இல்லை, சந்தோஷத்திலும் வரும். பலருக்கு அது தானாகவே வருகிறது. அடக்குவதற்குத்தான் முயற்சி வேண்டியிருக்கிறது.

தும்மல் வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முக்கியமான மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்போது எதிரில் பேசுகிறவர் சொல்வது காதில் விழுமா? மொத்த கவனமும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த நிலைமையை நாள் பூராவும் நீட்டிப் பாருங்கள். உதாரணம் என்னுடையது; முழுசாகப் பொருந்தாது. தும்மலால் நமக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். ஸ்டிம்மிங் ஒருவரை அவர் உடம்புக்குள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர். குழந்தையாக இருந்தபோது கடற்கரை மணலை விரல்களுக்கு நடுவே சிந்தவிட்டு, ஒவ்வொரு மணலையும் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். இரைச்சலான உலகத்தின் கதவைச் சாத்திக்கொள்ளும் வழியாம் அது. பின்னாளில், மாடுகளை ஊசி போடுவதற்காக நிறுத்தும் இறுக்கமான கூண்டில் அவை அமைதியாவதைப் பார்த்து, தன் உடம்பை அதே போல அழுத்திக்கொள்ள ஒரு மெஷினைத் தானே செய்துகொண்டார்.

இன்னொருவர் மெல் பாக்ஸ். வாயால் பேசாமல், டைப் செய்து பேசியவர். 2007-ல் ஒரு வீடியோ வெளியிட்டார். முதல் மூன்று நிமிஷத்துக்கு மேல் வார்த்தையே கிடையாது. கையை உதறுகிறார், ரீங்கரிக்கிறார், குழாய்த் தண்ணீரில் விரல்களை அளைந்துகொண்டே இருக்கிறார். 'ஐயோ பாவம்' என்று நாம் நினைக்கும் நேரத்தில், கம்ப்யூட்டர் குரலில் விளக்கம் ஆரம்பிக்கிறது. தண்ணீரை அளைந்ததற்கு மறைபொருள் எதுவும் இல்லை; தண்ணீரோடு பேசிக்கொண்டிருந்தேன், அதுதான் என் மொழி என்கிறார். உங்கள் மொழியை நான் கற்றால்தான் என்னை மனுஷப் பிறவியாக மதிக்கிறீர்கள், என் மொழியைக் கற்காத உங்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லையா என்பது அவருடைய வாதம். 2020-ல் காலமானார். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதையெல்லாம் நிறுத்துவதற்கு உலகம் என்னென்ன செய்திருக்கிறது தெரியுமா? 1960-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் என்கிற உளவியல் பேராசிரியர், அறையையும் மின் அதிர்ச்சியையும்கூட 'பயிற்சி'யாகப் பயன்படுத்தினார். 1965-ல் 'லைஃப்' பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. பிற்பாடு அவரே மின் அதிர்ச்சியைக் கைவிட்டார். ஆனால் கையை மேஜை மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'அமைதியான கைகள்' என்று கட்டளையிடும் வழக்கம் ரொம்ப காலம் தொடர்ந்தது. அப்படி வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்களாகி, அதன் வலியை எழுதுகிறார்கள்.

நமக்கும் இது புதுசு இல்லை. 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று சொல்லித்தானே நம்மைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள்? அசையாமல் இருக்கிற குழந்தை நல்ல குழந்தை. பெரியவர்கள் மட்டும் அசையலாம். பரீட்சை ஹாலில் பேனாவைக் கடிக்கலாம், போனில் பேசிக்கொண்டே ஹாலில் பத்து ரவுண்டு நடக்கலாம், பாட்டி திட்டத் திட்டக் காலாட்டலாம். அழுகிற குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுகிறோம். ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினால் ரசனை. ஊஞ்சல் இல்லாமல் ஆடினால் வியாதி!

அதற்காக, 'எல்லாரும் செய்கிறதுதானே' என்று சுலபமாகச் சொல்லிவிடவும் கூடாது. காலாட்டலை நிறுத்தச் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன், ஒன்றும் ஆகாது. அவனுக்கு அப்படி இல்லை. உறவு ஒன்றாக இருக்கலாம், அளவு வேறு.

சரி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டால்? கையைக் கடித்தால்? அதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நிச்சயமாகக் கூடாது. ரத்தம் வருகிற இடத்தில் தத்துவம் பேச முடியாது. ஆனால் அங்கேயும் 'எப்படி நிறுத்தலாம்' என்பதற்குப் பக்கத்திலேயே 'ஏன் வந்தது' என்ற கேள்வியையும் வைக்க வேண்டும். பல்வலியாக இருக்கலாம், வயிற்று வலியாக இருக்கலாம், தாங்க முடியாத சத்தமாக இருக்கலாம். சொல்ல வாய் இல்லாத இடத்தில் உடம்பு சொல்கிறது. அன்று கல்யாண மண்டபத்தில் அவன் மணிக்கட்டைக் கடித்ததற்குக் காரணம் என் பிடி. உதறலால் யாருக்கும் காயம் இல்லை. உதறலைத் தடுத்ததில்தான் காயம்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதையும் அந்த அம்மாதான் சொன்னார். ''வீட்டுல அவன் இஷ்டம்ணா. ஆனா பஸ்ல? ஒரு தடவை கையை உதறினான். முன்னால நின்ன பொண்ணு அடிக்க வர்றான்னு பயந்து கத்திடுச்சு. நாலு பேர் சட்டையைப் பிடிச்சுட்டாங்க. நாளைக்கு ஆறடி உயரம் வளர்ந்து நிப்பான், நானும் கூட இருக்க மாட்டேன். அதனால பஸ்ல ஏறினா கையில ஒரு ரப்பர் பந்து கொடுத்துடறேன். அமுக்கிட்டே வருவான். இது சரியா, தப்பான்னு எனக்கே தெரியலை.''

எனக்கும் தெரியவில்லை. ஊர் புரிந்துகொள்ளும் வரை பிள்ளை அடி வாங்க வேண்டும் என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? அதே சமயம், அந்தப் பந்துக்கு ஒரு விலை இருக்கிறது. தன் இயல்பை நாள் முழுக்க மறைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு களைப்பானது, எப்படி மனச்சோர்வில் கொண்டுபோய்த் தள்ளுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த விலையைக் கொடுப்பது பையன். மிச்சமாவது நம் சௌகரியம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கும் இடம் கொடுத்தாகிவிட்டது. சர்டிஃபிகேட் உண்டு. பஸ்ஸில் கையை உதற இடம் கொடுக்க வேண்டியது சட்டம் இல்லை, பக்கத்து சீட்காரர்.

அந்தப் பக்கத்து சீட்காரன் நான்தான். அன்றைக்கு என்ன நடந்தது என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் எனக்குள் ஒரு படபடப்பு. எதையாவது செய்து அதை அடக்கியே ஆக வேண்டும் என்று ஓர் உந்துதல். யோசிப்பதற்குள் கை போய்விட்டது. அவனுக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடந்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். அவன் தன் படபடப்பைத் தணித்துக்கொள்ளத் தன் கையை உபயோகித்தான். நான் என் படபடப்பைத் தணித்துக்கொள்ள அவன் கையை உபயோகித்தேன்.

இதில் யாருடைய கையைக் கட்ட வேண்டும்?

போன மாசம் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பையன் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், எழுந்து நின்று உதற ஆரம்பித்தான். பழக்கதோஷம், என் கை சோபாவை விட்டு லேசாக எழும்பியது. எதிரில் அவன் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

எழும்பின கையால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டேன். உள்ளே திரும்பி, ''சட்னியை அப்புறம் அரைச்சுக்கலாம்'' என்று குரல் கொடுத்தேன். மிக்ஸி நின்றது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று உதறினான். நாங்கள் விலைவாசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.