மேடையில் மின்னும் வஸ்திரமும் மறைந்திருக்கும் கைகளும்



"விசுவாசிகள் ஃபேஷன் ஷோவுக்குப் போகலாமா?" வாலிபர்கள் மத்தியில் எழும்புகிற கேள்வி இது. "இதுல என்ன பாவம் இருக்கு? நம்ம ஊர் சேலையைத்தானே காட்டுறாங்க?" என்கிறார்கள் பிள்ளைகள். "அதெல்லாம் உலகம், அந்தப் பக்கமே போகக்கூடாது" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் கேட்க மறந்த ஒரு கேள்வியும் உண்டு. அதை ஜெபத்தோடு ஆராய்ந்து பார்ப்போம்.

ஃபேஷன் வீக் என்பது வெறும் வேடிக்கை அல்ல, அது ஒரு சந்தை. துணிகளை வடிவமைக்கிறவர்கள் தங்கள் புது உடைகளை மாடல்களுக்கு உடுத்தி, நீண்ட மேடையில் நடக்கவிட்டு, கடைக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டுவார்கள். நம் தேசத்தில் 2000-ம் ஆண்டு டெல்லியில் முதல் இந்திய ஃபேஷன் வீக் நடந்தது. பிறகு மும்பை, சென்னை என்று பரவியது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி என்று அந்தந்த வட்டாரத்துத் துணிகளை மேடைக்குக் கொண்டுவருகிற வடிவமைப்பாளர்களும் உண்டு. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் சென்னை. போய்ப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமல்ல.

பெரியவர்களின் பயம் வீண் பயமல்ல. அந்த மேடையில் மனுஷரே துணி மாட்டுகிற ஸ்டாண்டு போல ஆகிவிடலாம். பார்த்துவிட்டு வருகிறவர், "என்கிட்ட இது இல்லையே" என்ற ஏக்கத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்பலாம்.

பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அழகு பிசாசின் சொத்தல்ல. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காக பெசலெயேலுக்கு ஞானத்தைக் கொடுத்தவர் கர்த்தர். ஆரோனின் வஸ்திரங்களை அலங்காரமாய்ச் செய்யச் சொன்னவரும் அவரே. தொற்காள் விதவைகளுக்கு உடை தைத்தாள். லீதியாள் இரத்தாம்பரம் விற்றாள். துணித்தொழில் தேவனுக்கு அந்நியமான தொழில் அல்ல.

அப்படியானால் மறந்துபோன கேள்வி எது? இந்தத் துணியை நெய்தது யார், அவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதே.

செராமிக் ஊர்க்காரர்களாகிய நமக்கு இது புரியாத காரியமல்ல. களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, பிசிறு சீவி, காயவைத்து, சூளையில் சுட்டு எடுக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பொம்மை பட்டணத்துக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும்போது, "எவ்வளவு அழகு!" என்பார்கள். "யார் செஞ்சது?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளர் ஒருவர் தறியில் உட்கார்ந்திருக்க, கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் பெயர் எந்த மேடையில் வாசிக்கப்படுகிறது? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் குறைவு. தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். நம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலும் கைத்தறி லுங்கி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபேஷன் வீக்கில் முன்வரிசை நாற்காலி என்றால் பெரிய கௌரவம். சினிமாக்காரர்களும் பெரிய வியாபாரிகளும் அங்கே உட்காருவார்கள். நெசவாளருக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். சில வடிவமைப்பாளர்கள் நெசவாளரை மேடைக்கே அழைத்து வந்து நிறுத்தியதும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் கைதட்டலில் அடுப்பு எரியாதே! பணக்காரனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்கு மூலையும் கொடுக்கிறவர்களை யாக்கோபு கண்டித்தார். கூலியைப் பிடித்து வைக்கிறவர்களையும் அதே நிருபத்தில் கண்டித்தார். இரண்டும் ஒரே பாவத்தின் இரண்டு முகங்கள்.

தேவ பிள்ளைகளே, ஷோவுக்குப் போகாதவர்களும் இதற்குத் தப்பமுடியாது. "நான் ஃபேஷன் ஷோ பார்த்ததே இல்லை, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் சாட்சி சொல்லலாம். அவர் உடுத்திய வெள்ளை வஸ்திரத்தையும் யாரோ ஒருவர் நெய்தார், யாரோ ஒருவர் தைத்தார். டெய்லருக்கு இரண்டு மாதக் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தால் என்ன பிரயோஜனம்? ஏ.சி. கடையில் போட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். மூட்டை சுமந்து வாசலுக்கு வருகிறவரிடம் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடுகிறோம். எளிமையாய் உடுத்துவது நல்லது. அந்த எளிமைக்காகப் பாடுபட்டவருக்குச் சேரவேண்டியது சேர்ந்தால்தான் அது பரிசுத்தத்துக்கு அடுத்ததாகும்.

சரி, போகலாமா கூடாதா? அந்த ஏக்கமும் பொறாமையும் உங்களுக்கு இடறலாகும் என்று தெரிந்தால் போகாதிருங்கள். அதில் வெட்கம் இல்லை. போகிறவர்கள் வெறுங்கண்ணோடு போகாமல் மூன்று கேள்விகளோடு போங்கள். நெய்தது யார்? எந்த ஊர்? அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற பொய்யும் நடக்கிறது. ஆகவே 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தயங்காமல் பதில் வந்தால் அந்த மேடையால் நன்மை உண்டு. மழுப்பினால், அங்கே மின்னுவது துணி மட்டும்தான்.

"அங்க வாங்குற அளவுக்கு நம்மகிட்ட காசு ஏதுங்க?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் கேள்வி கேட்கக் காசு வேண்டாம். கொடுக்கவேண்டிய கூலியை நாள் தவறாமல் கொடுக்க நாம் பணக்காரராய் இருக்கவும் வேண்டாம். இந்த வாரமே டெய்லர் அண்ணனுக்கு ஏதாவது பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். அவர் முகத்தில் வரும் சந்தோஷம் நம் சபையைப் பற்றிய நல்ல சாட்சியாயிருக்கும்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்களுக்காக உழைக்கிற கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.