எது குப்பை, யார் சொல்வது?

வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதற்கான ஆலோசனைகள் இன்று உலகம் முழுவதும் ஏராளமாகக் கிடைக்கின்றன. எழுந்தவுடன் படுக்கையை மடித்து வை. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் படு. புதிதாக ஒன்று வீட்டுக்குள் வந்தால் பழையது ஒன்று வெளியே போகட்டும். ஒரு வருடமாகக் கை படாத பொருள் உனக்குத் தேவையற்ற பொருள். 2010இல் ஜப்பானில் ஒரு புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்ற மரி கொண்டோ, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. பின்னால் வருபவைதான் உறுத்துகின்றன. பழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி அவை ஒரு தீர்ப்பில் போய் முடிகின்றன: இது வேண்டியது, இது குப்பை. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னக் கேள்வி அல்ல.

நாங்கள் யாங்கோனில் தாமுவே பகுதியில் வளர்ந்தவர்கள். சுற்று ரயில் நின்று போகும் இடம். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த சைக்கசான் மைதானம் இருக்கும் இடம். வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. தெருப்பக்கம் பால்கனி, பின்பக்கம் குசினி, நடுவில் பலகைத் தடுப்பு. மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்காமல் பத்திரிகையும் பலகாரமும் வாங்கிக்கொள்ள, பால்கனியிலிருந்து நுனியில் கவ்வி கட்டிய ஒரு கயிறு தொங்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஆறேழு பேர் வாழ வேண்டும் என்றால் ஒழுங்கு என்பது ரசனையின் பாற்பட்டதல்ல, கணக்கின் பாற்பட்டது. படுக்கும் இடம்தான் சாப்பிடும் இடம். விடிந்தால் பாய் சுருட்டப்பட்டுவிட வேண்டும். செருப்பு வாசலுக்கு வெளியே. விளக்கு வைத்த பின் கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பதால் அதற்கு முன்பே கூட்டி முடித்துவிட வேண்டும். இவற்றை யாரும் எங்களுக்கு அறம் என்று போதிக்கவில்லை. அடுத்தவருக்கு இடம் விடுவது என்றுதான் கற்றோம். இன்று யோசித்தால், அதைவிடத் தெளிவான அறம் எதுவும் தென்படவில்லை.

அந்த வீடுகளில் எதை வேண்டுமானாலும் இடம் மாற்றி வைக்கலாம். சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டின்னை மட்டும் மாற்ற முடியாது. அதற்குள் தாத்தாவின் வெளிநாட்டவர் பதிவுச் சான்று, மடிப்புகளில் கிழிந்த வாடகை ரசீதுகள், ஓரம் கறையான் அரித்த ஒரு பள்ளிக்கூடக் கடிதம். பல வருடங்களாக யாரும் தொடாதவை. மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டால், இல்லை, பயத்தைத்தான் தந்தன.

1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்த டின்னின் பொருள் மாறியது. 1823க்கு முன்பே நாட்டில் குடியிருந்த இனங்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் பிறப்பாலேயே முழுக் குடிமக்கள். முன்பே குடியுரிமை பெறாதிருந்த எங்களவர்கள், தங்கள் குடும்பம் 1948 ஜனவரி 4க்கு முன்பே நாட்டுக்குள் வந்து வாழ்ந்ததற்கு மறுக்க முடியாத சான்று காட்ட வேண்டும். காட்டினால் பச்சை அட்டை கிடைக்கலாம். முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம். பேரனின் அட்டை என்ன நிறம் என்பதை, தாத்தா எறியாமல் விட்ட ஒரு ரசீது தீர்மானித்தது. அவசியமான காகிதங்களை வைத்துக்கொள்ள மரி கொண்டோவும் அனுமதிக்கிறார். ஆனால் எது அவசியமானது என்பது எங்களுக்குச் சட்டம் மாறிய பிறகுதான் தெரியவந்தது. தான் இருப்பதை யாரும் சந்தேகிக்காத மனிதன்தான் பழைய காகிதங்களை நிம்மதியாகக் கிழிக்க முடியும்.

சாமான் குறைவாக வாழ்வது உயர்ந்த வாழ்க்கை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் முன்னோர் யாருடைய ஆலோசனையும் இல்லாமலே வீட்டைக் காலி செய்தவர்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையும் காடும் கடந்து நடந்தவர்கள். சுமக்க முடியாததை வழியில் போட்டார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். 1964 மார்ச்சில் நே வின் அரசு ரங்கூன் கடைகளை அரசுடைமையாக்கியது. மே 17 அன்று 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. பெட்டியில் பணமாகப் படுத்தவை காலையில் காகிதமாக எழுந்தன. அதன் பின் லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் கணிசமான தமிழர்கள், சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல் ஏறினார்கள். எது போகலாம், எது போகக்கூடாது என்று துறைமுகத்தில் அதிகாரிகள் பிரித்தார்கள். நகைகள் போகக்கூடாதவை.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் எழுந்து நடந்தபோது, ஒரு சைக்கிள் கரியரில் எது ஏற வேண்டும், எது வீட்டில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் சில மணி நேரத்தில் முடிவெடுத்தது.

துறந்தவனின் வெறுங்கையும் பறிகொடுத்தவனின் வெறுங்கையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாமவன் தானே தீர்மானித்தான். மற்றவனுக்காக இன்னொருவன் தீர்மானித்தான். வேறுபாடு சாமானின் எண்ணிக்கையில் இல்லை.

துறவை மதிக்கும் நாட்டிலேதான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு பிக்குவுக்கு உரிய பொருள்கள் எட்டு: மூன்று சீவரங்கள், பிச்சைப் பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. இந்த எண்ணிக்கையைவிட எங்களுக்குப் பிடித்தது விநயபிடகத்தில் வரும் ஒரு சம்பவம். உதயண மன்னனின் அந்தப்புரத்துப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்துவிடுகிறார்கள். ஒரு துறவிக்கு எதற்கு இத்தனை என்று மன்னன் விசாரிக்கிறான். கிழிந்த சீவரம் உடைய பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழைய சீவரங்கள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். அப்படியே தரை விரிப்பாகி, கால் துடைக்கும் துணியாகி, தூசி தட்டும் துணியாகி, கடைசியில் நைந்த நாரைச் சேற்றோடு பிசைந்து தரையை மெழுகுவோம் என்கிறார். குப்பை என்ற சொல் அங்கே ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்த வேலை எது என்று தெரிந்திருந்தது.

அடுத்த வேலை எப்போதும் முன்கூட்டித் தெரிவதில்லை என்பதும் உண்மை. 2021 பெப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறுநாள் இரவு முதல், எட்டு மணியானால் யாங்கோன் மக்கள் பால்கனிகளில் நின்று தட்டுகளையும் சட்டிகளையும் அடித்தார்கள். வீட்டிலிருந்து கெட்ட ஆவியை விரட்ட பர்மியர் செய்யும் பழைய சடங்கு அது. பரணில் கிடந்த நெளிந்த அலுமினியத் தட்டுக்கு அன்று வேலை வந்தது. அதே மாதத்தில், இரவு தங்கும் விருந்தாளியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் திரும்பி வந்தது. கதவு தட்டப்பட்டால் வீட்டுப் பட்டியல் என்ற ஒற்றைக் காகிதத்தை உடனே எடுத்து நீட்ட வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்திருப்பது அந்த இரவுகளில் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இழந்தவர்கள் என்ற பெயரில் எதையும் எறியாமல் இருப்பதை நாங்கள் ஒரு உரிமைபோல ஆக்கிக்கொண்டிருக்கிறோம். புலம்பெயர்ந்த வீடுகளில் அலுமாரிக்கு மேல் பெட்டிகள், பெட்டிகளுக்கு மேல் பெட்டிகள். ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஊருக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று வாங்கிப் பிரிக்காமல் வைத்த சாமான்கள், முடிக்காத பட்டப்படிப்பின் நோட்டுகள். இவற்றை நினைவு என்கிறோம். வைத்திருப்பது ஒன்று, தீர்மானிக்காமல் விட்டிருப்பது வேறொன்று. தீர்மானிக்காமல் விட்டதை வேறு யாராவது தீர்மானிப்பார்கள். வீட்டுக்காரர் தீர்மானிப்பார். அல்லது, எங்கள் எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒருநாள் வண்டி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புவார்கள். பிஸ்கட் டின்னும் அதோடு போகும். துறைமுகத்து அதிகாரி செய்ததை எங்கள் பிள்ளைகள் பாசத்தோடு செய்து முடிப்பார்கள்.

இப்போது நாங்கள் கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறோம்; கடைக்கு மேலே ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம். கடையின் குளிர் அறையில் ஒரு விதி உண்டு. எந்த டப்பா உள்ளே போனாலும் மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். பெயரும் தேதியும் இல்லாத டப்பாவை யாரும் எடுத்துச் சமைப்பதில்லை. பொறுப்பேற்க அஞ்சி யாரும் எறிவதும் இல்லை. அது அங்கேயே இருந்து அழுகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வீட்டில் தேங்கும் சாமானும் இப்படித்தான். அது என்ன, யாருடையது, ஏன் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாதபோதுதான் அது குப்பையாகிறது. ஆகவே டின்னைத் திறந்து ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு உறை போட்டு, இது யாருடையது, எந்த வருடத்தது, எதற்குத் தேவைப்படும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதி வைக்க வேண்டும். நகல் எடுத்து இன்னொரு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். முடிக்காத படிப்பின் நோட்டை, படிக்கிற ஒருவனுக்குக் கொடுக்கலாம். முடியாவிட்டால் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தாளாகப் பயன்படுத்தலாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. நாங்கள் மேலே சொன்ன ஒழுங்கான வீடுகளில் பாயைச் சுருட்டியதும் கூட்டியதும் பெரும்பாலும் பெண்கள். அப்பத்தாவும் அம்மாவும் அக்காவும் குனிந்து எழுந்த கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. சமையலுக்கும் கழுவுவதற்கும் சம்பளம் வாங்கும் ஆண்கள் பலர் அறைக்குத் திரும்பியதும் தங்கள் தட்டைக் கழுவுவதில்லை. சம்பளத்துக்குத் தெரிந்த பழக்கம் வீட்டுக்குத் தெரியாமல் போவது எப்படி?

மற்றது, குப்பை எங்கே போகிறது என்பது. யாங்கோன் நகர் மாடி வீடுகளின் முதுகுகளுக்கு இடையே ஒடுங்கிய பின்சந்துகள் ஓடுகின்றன. உள்ளே தரை பளபளக்கும் வீட்டின் பின் ஜன்னலிலிருந்து பிளாஸ்டிக் பை அந்தச் சந்தில் விழும். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்து எலியும் கொசுவும் எல்லா வீட்டுக்கும் சமமாக வரும். 2010களின் பிற்பகுதியில் சில சந்துகளில் குடியிருப்பவர்களே கூடிச் சுத்தம் செய்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாடும் இடமாக்கினார்கள். சுவரும் நிலமும் மாறவில்லை. அது யாருடையது என்ற கேள்விக்கு ‘எங்களுடையது’ என்று பதில் கிடைத்தது. பணக்கார நாடுகளின் வீடுகள் வெறுமையாகி அழகாகும்போது, அவர்களின் பழைய துணி மூட்டைகள் ஏழை நாடுகளின் சந்தைகளில் வந்து இறங்குவதும் ஒரு பின்சந்துதான்.

எங்களுக்கு நிரந்தர வீடு இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. நாளை எந்த நாடு, எந்த அறை என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. ஆனால் இந்த அறைக்குள் எது இருக்கலாம், எது போகலாம், யாருக்குப் போகலாம் என்பது இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிறிய வேலையை நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். இரவு வேலை முடிந்து வந்து, விளக்கை அணைக்கும் முன் ஐந்து நிமிடம். தட்டைக் கழுவி, உடுப்பை மடித்து, காகிதங்கள் உறைக்குள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்தவன் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் படுப்பது.