அடுத்த வீட்டு வாசல்



1812-ல் தீக்கிரையான நம் புதுக்கோட்டை, தொண்டைமான் ராஜா காலத்தில் நேரான வீதிகளோடு மறுபடி எழும்பிற்று. 2024-ல் மாநகராட்சியும் ஆயிற்று. ஜனம் பெருகிற்று, ராஜவீதிகளின் அகலமோ பெருகவில்லை. ஆகையால் வாசலில் நிறுத்திய வண்டிக்கும், வழிந்த சாக்கடைக்கும் சண்டையிட்டு, ஒரே சுவருக்கு இருபுறமும் பேச்சில்லாமல் வாழ்கிறோம். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் ஓடிவரக்கூடியவர் அந்த அடுத்த வீட்டாரல்லவா?

உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானமாகும்படி சேசுநாதர் கற்பித்தார் (மத்தேயு 5:23-24). குற்றம் யாருடையதென்று அவர் விசாரிக்கவில்லை, போகச் சொன்னார். அடுத்த வீட்டார் வேறு மதத்தாரானாலும் இந்தக் கடமை மாறாது.

வீதிகளை ராஜா நேராக்கினார். மனதை நேராக்க நாமே நடக்கவேண்டும். வருகிற ஞாயிறு பூசைக்கு முன்னே அந்தக் கதவைத் தட்டுங்கள்.