எவரும் எண்ணாத ஒளி

திருவொற்றியூரில், பட்டினத்தார் சமாதிக்குக் கிழக்கே, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் அமர்ந்து, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருக்கும் சீடனும், கல்லூரியில் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்ற குருவும் பேசிக்கொண்டது இது.

சீடன்: ஐயா, எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்கையில் எனக்கொரு ஐயம். சீல் வைத்த பெட்டிக்குள் இருக்கும் சரக்கு, திறந்து பார்க்கும்வரை இன்னதென்று நிச்சயப்படுவதே இல்லையென்றும், பார்ப்பவனுடைய பிரக்ஞைதான் அதை நிச்சயப்படுத்துகிறதென்றும் நவீன பௌதிகம் கூறுவதாக எழுதுகிறார்களே, மெய்தானா?

குரு: பெட்டி விஷயத்தில் அது வெறும் கற்பனை, தம்பி. உள்ளிருக்கும் காற்று சரக்கின் மேல் கோடானுகோடி முறை மோதி, லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் அதன் எடைக்கு வளைந்து கிடக்கையில், சுங்க அதிகாரி வந்து சீலை உடைக்கும்வரை அது தீர்மானமாகாமல் இருக்க வழியேது? ஐயத்துக்கு இடமெல்லாம், சுற்றுப்புறத்தின் தீண்டலிலிருந்து பெருமுயற்சியோடு விலக்கி வைத்த அணுவிடத்தில்தான்.

சீடன்: அங்கேயாவது காண்பவனுக்கு அதிகாரம் உண்டல்லவா?

குரு: உண்டு, காண்பவன் யார் என்பதில்தான் வழக்கு. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பயின்று, பிற்காலத்தில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த ஈ. சி. ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து 1977இல் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார்: மாறும் இயல்புடைய குவாண்டம் பொருளொன்றை இடைவிடாது அவதானித்துக்கொண்டே இருந்தால் அது மாறாமலே நின்றுவிடும் என்பது. பறக்கும் அம்பு நகரவே இல்லையென்று வாதித்த கிரேக்க ஞானி ஜீனோவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1990இல் அமெரிக்காவின் கொலராடோவில் வைன்லாந்தும் அவருடைய கூட்டாளிகளும் சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை வெற்றிடத்தில் சிறைவைத்து, ஏறக்குறைய கால் விநாடியில் அவை யாவும் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடும்படி ரேடியோ அலையைச் செலுத்தினார்கள். அந்தக் கால் விநாடிக்குள் 64 முறை லேசரைப் பளிச்சிட்டபோது, அநேகமாக எல்லா அயனிகளும் பழைய நிலையிலேயே நின்றன.

சீடன்: அப்படியானால் பார்வைதானே பொருளைக் கட்டிப்போட்டது!

குரு: அவசரப்படாதே. இடையில் பளிச்சிட்டபோது அயனிகள் சிதறடித்த ஒளியை அங்கே எவரும் எண்ணவில்லை. எண்ணியதெல்லாம் முடிவில் வந்த ஒளியைத்தான். பார்க்க ஆளில்லாமலே பார்வையின் பலன் விளைந்துவிட்டது. அயனி இன்ன நிலையில் இருக்கிறதென்னும் சுவடு ஒளியில் பதிந்ததே போதுமானதாக இருந்தது.

சீடன்: சுவடு பதியுமுன் அது எப்படி இருந்தது?

குரு: இரு நிலைகளும் கலந்ததொரு நிலை என்று கணிதம் சொல்லும். அக்கணிதம் குறிப்பது பொருளின் சொரூபத்தையா, அல்லது பொருளைப் பற்றி நாம் அறிந்த அளவை மட்டுமா என்பதில் நீல்ஸ் போரும் ஐன்ஸ்டைனும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, பின்வந்தவர்களும் அப்படியே. அந்த 1990ஆம் வருஷத்துச் சோதனைக்கே, அவதானம் என்ற பேச்சே வேண்டாம், லேசர் அயனியைத் தாக்கியதன் விளைவென்றாலே போதும் என்று வாதித்தவர்கள் உண்டு. என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆகவே மனமே உலகத்தைப் படைக்கிறதென்பதற்குப் பௌதிகத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறவர்கள், அது சொல்லாததைச் சொன்னதாக எழுதுகிறார்கள். வேதாந்தம் தன் காலிலேயே நிற்கட்டும். பெரிலியத்தின் சிபாரிசு அதற்கு வேண்டாம்.