எத்தனை வாசல்களில் நின்றாள் ஆண்டாள்!

திருப்பாவையில் 30 பாசுரங்கள். அவற்றில் 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்களில் ஆண்டாள் என்ன செய்கிறாள் தெரியுமா? தோழியர் வீட்டு வாசல்களில் நின்று எழுப்பிக்கொண்டிருக்கிறாள். விடிவதற்கு முன், மார்கழிக் குளிரில்!

அரங்கனையே மணாளனாக வரித்தவளுக்குத் துணை எதற்கு? தனியாகப் போயிருக்கலாமே! போகவில்லை. நல்ல பழத்தைத் தனியே தின்னலாகாது என்பதுபோல, பகவத் அனுபவத்தையும் கூடித்தான் அனுபவிக்க வேண்டும் என்பார்கள் பெரியோர்.

அந்தப் பெண்கள்தான் லேசில் எழுந்து வருகிறார்களா? எட்டாவது பாசுரத்தில், முன்னே கிளம்பிவிட்டவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு ஒருத்திக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்பதாவதில், 'உங்கள் பெண்ணுக்குக் காது கேட்காதா?' என்று அவள் அம்மாவிடமே கேட்டாகிறது. பன்னிரண்டாவதில் தலையில் பனி சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். 'நானே வந்து எல்லோரையும் எழுப்புகிறேன்' என்று சவடால் அடித்தவள், பதினான்காவதில் தூங்குகிறாள்! கேலி உண்டு, கோபம் உண்டு. ஆனால், 'வராதவள் வராமலே போகட்டும்' என்ற பேச்சு மட்டும் இல்லை. பதினைந்தாவதில் உள்ளே இருப்பவள், 'எல்லோரும் வந்தாயிற்றா?' என்கிறாள். 'நீயே வந்து எண்ணிக்கொள்' என்று பதில் வருகிறது.

நாமோ, டி.வி-யில் உபன்யாசம், செல்போனில் சுப்ரபாதம் என்று பூஜையறையோடு நிறுத்திக்கொள்கிறோம். பக்திக்கு அது போதலாம். மனசுக்கும் உடம்புக்கும் போதாது. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிக்கை வெளியிட்டது. இதய நோய், பக்கவாதம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் தனிமை வழிவிடுகிறதாம்.

உங்கள் ஃபிளாட்டிலேயே பாருங்கள். கணவரை இழந்த பின் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட மாமி இருப்பார். 'கூப்பிட்டால் சங்கடப்படுவாரோ' என்று நாமாகவே நினைத்து விட்டுவிடுகிறோம். கொலுவுக்கும் அழைப்பதில்லை. இதில் சாஸ்திரம் எங்கே வந்தது, சொல்லுங்கள்!

மார்கழி 27, கூடாரவல்லி. நெய்யும் பாலும் விலக்கி நோன்பு இருந்தவர்கள், முழங்கை வழிய நெய் வார்த்த பால்சோற்றைக் கூடி உண்ட நாள். அன்று அக்காரவடிசல் செய்தால், ஒரு கிண்ணம் அந்த மாமி வீட்டுக்கும் போகட்டும். வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடிவராமல், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். காலிங்பெல்லை ஒரு தடவை அழுத்திவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரர், எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.